தையலும் ஆறுதலும்

பதிற்றுப்பத்தின் ஐந்தாம் பத்திலே பரணர் போர்வீரரின் மார்பைப் பாடுகின்றார். படைக்கலம் கிழித்த மார்பு அது. கிழிந்த இடத்தை நீண்ட வெண்மையான ஊசியினால் தைத்திருக்கின்றனர். குளிர்ந்த குளத்திலே மீனைத் தேடி மூழ்கி எழும் சிரலை, அதாவது மீன்கொத்திப் பறவையை, அவ்வூசிக்கு உவமையாக்குகின்றார் புலவர். தோலுக்குள் மறைவதும் மறுகணமே வெளிப்படுவதுமான அந்த ஓட்டத்தை அருகிருந்து கண்டவரன்றிப் பிறர் இவ்வுவமையை எய்தியிருத்தல் அரிது. புறநானூற்றில் அரிசில்கிழார் பாட்டொன்று உண்டு. அங்கே ஊசி இல்லை. புண்பட்டுக் கிடக்கும் கணவனைக் காக்க ஒருத்தி தன் தோழியை அழைக்கின்றாள். இரவமரத்தின் தழையையும் வேப்பந்தழையையும் மனையிலே செருகுகின்றனர். ஐயவி என்னும் வெண்கடுகைத் தூவுகின்றனர். மணி ஒலிக்கிறது, யாழ் ஒலிக்கிறது, நறும்புகை எழுகிறது. இரவு முழுவதும் விழித்திருக்கும் ஏற்பாடு அது.

ஊசியின் வேலை ஒரு நாழிகையில் முடிந்துவிடும். காவலின் வேலையோ மாதக்கணக்கிலே நீள்வது. இக்கால மருத்துவம் ஊசியை மயிரிழையினும் நுண்ணியதாக்கிவிட்டது. காவலைப் பற்றிப் பேசுவோர்தாம் குறைவு. அதிலும் வயிற்றுத் தோலைப் பற்றியென்றால், கூச்சம் வாயைக் கட்டிவிடுகிறது.

பிள்ளைப்பேற்றினாலோ, உடல் பருத்துப் பின் மெலிந்தமையாலோ தளர்ந்து மடிந்து தொங்கும் வயிற்றுத் தோலை வெட்டி நீக்கும் சத்திரசிகிச்சை ஒன்று உண்டு. அடிவயிற்றிலே இடுப்பெலும்புக்கு இடுப்பெலும்பு குறுக்காகக் கீறி, தோலையும் கொழுப்பையும் தசையினின்று விலா வரைக்கும் பிரித்தெடுத்து, விலகி நிற்கும் தசைகளை நடுவிலே சேர்த்துத் தைத்து, மிகையான தோலை அரிந்தபின் எஞ்சியதைக் கீழே இழுத்துப் பொருத்துவர். அமெரிக்காவின் ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனையைச் சேர்ந்த ஹவார்ட் கெலி என்பவர் 1899ஆம் ஆண்டிலேயே இதனையொத்த சிகிச்சையை விவரித்திருக்கின்றார். பிரேசில் நாட்டு இவோ பிட்டாங்கி முதலியோர் 1960களில் இதனைச் செப்பனிட்டனர். கொப்பூழை மாத்திரம் அதன் காம்போடு இருந்த இடத்திலேயே விட்டு, கீழிறங்கிய தோலில் அதற்கெனப் புதியதொரு துளை இடவேண்டும். உந்தியை ஆற்றுச் சுழிக்கு ஒப்பிட்ட நம் புலவர்கள், அதனைக் கத்தியினால் ஆக்கும் நாள் வருமென்று கனவிலும் கருதியிரார்.

அழகு என்ற சொல் செவியில் விழுந்ததும் முகஞ்சுளிப்பவர் நம்மிடையே உளர். அச்சுளிப்பிற்கு நாம் உடன்படுவதற்கில்லை. நான்கு பிள்ளைகளைப் பெற்றவள், மடிப்பின் அடியிலே வியர்வை தங்கிப் புண்ணாவதையும், குனிந்து நிமிரும்போது இடுப்பு வலிப்பதையும் எவரிடம் சொல்வாள்? ‘இந்த வயதிலே உனக்கென்ன அழகு’ என்று கேட்டுவிடுவார்களே என்ற அச்சத்தினால் சேலையை இறுக்கிக் கட்டிக்கொண்டு வேலைக்குப் போகின்றாள். ஆண்களின் தொந்தியைச் செல்வத்தின் அடையாளம் என்று சொல்லிப் பழகிய சமூகம், பெண்ணின் வயிற்றை ஒன்று கேலி செய்யும், அல்லது காணாததுபோல் இருக்கும்.

வன்னியிலே இந்த விடயத்திற்கு மற்றொரு முகமும் உண்டு. இங்கே வயிற்றில் வடுவைச் சுமப்பவர் எல்லோரும் பிள்ளை பெற்றதனால் அதனைப் பெற்றவரல்லர். 2009ஆம் ஆண்டின் முதல் ஐந்து மாதங்களில் புதுக்குடியிருப்பு வைத்தியசாலை எறிகணைக்கு இலக்காகியது. காயமுற்றோருக்கான இடம் புதுமாத்தளனுக்கும் பின்னர் முள்ளிவாய்க்காலுக்கும் பெயர்ந்தது. மயக்க மருந்துக்கும் நுண்ணுயிர்க்கொல்லிக்கும் பெருந்தட்டுப்பாடு நிலவிய காலம் அது. சர்வதேசச் செஞ்சிலுவைக் குழுவினர் பெப்ரவரி 10ஆம் திகதி தொடங்கி மே 9ஆம் திகதி வரையில், காயமுற்றோரும் நோயுற்றோரும் அவர்களுடன் சென்ற உறவினருமாக ஏறத்தாழ 14,000 பேரைக் கடல்வழியே அப்பால் கொண்டுசென்றனர். எஞ்சியோரிற் பலர் செட்டிகுளத்து மெனிக் பாம் முகாமுக்கு வந்து சேர்ந்தனர். எல்லைகளற்ற மருத்துவர்கள் அமைப்பினர் அவ்வாண்டு மே மாதத்தில் அதன் அருகே கள வைத்தியசாலையொன்றை அமைத்தனர். வவுனியா வைத்தியசாலையோ தன் கொள்ளளவைப் பன்மடங்கு மிஞ்சி நிரம்பிக் கிடந்தது.

வயிற்றிலே சன்னம் புகுந்தால், நெஞ்சுக் குழியிலிருந்து கொப்பூழுக்குக் கீழ் வரையும் நடுவே திறந்து குடலைத் தேடித் தைத்தல் வேண்டும். அவ்வாறு திறந்து மூடிய வயிறு, ஆண்டுகள் சில கழிந்தபின் வடுவின் வழியே பிதுங்குவதுண்டு. வடுக் குடலிறக்கம் என்று அதனைச் சொல்லலாம். மேலேயுள்ள தோல் தாள்போல் மெலிந்து குடலுடன் ஒட்டியிருக்கும். அதனைச் சீர்செய்யப் புகும் மருத்துவர், வலையொன்றை வைத்துத் தசையை அடைத்தபின், கெட்டுப்போன தோலை நீக்கி நல்ல தோலை இழுத்துத் தைக்கவேண்டி வருகிறது. அழகுக்காகச் செய்யப்படுவதென்று நாம் ஒதுக்கிய அதே சிகிச்சையின் அறிவுதான் இங்கே கைகொடுக்கின்றது. அதன் இடர்களும் உடன் வருகின்றன.

அவ்விடர்களுள் முதன்மையானது தோல் இறந்துபடுதல். இதனை விளங்கிக்கொள்ள வன்னி விவசாயிக்கு மருத்துவ நூல் தேவையில்லை. வயிற்றுத் தோலுக்குக் குருதி மூன்று வழியாக வருகின்றது என்று ஹியூகர் என்பவர் 1979இல் வகுத்துக் காட்டினார். நடுப்பகுதிக்கு உள்ளிருந்து தசையைத் துளைத்து மேலெழும் நாளங்கள் ஒரு வழி. தொடையின் பக்கமிருந்து ஏறிவருவன மற்றொன்று. விலாப்புறத்தினின்றும் முதுகுப்புறத்தினின்றும் பக்கவாட்டில் வருவன மூன்றாவது. தோலைத் தசையினின்று பிரித்தெடுக்கும்போது முதல் வழி அறுபடுகின்றது. அடிவயிற்றைக் கீறும்போது இரண்டாவது வழியும் அறுபடுகின்றது. எஞ்சுவது பக்கவாட்டு வழி ஒன்றே. இரணைமடுக் குளத்தின் கீழே பல வாய்க்கால்களுக்குப் பதிலாக ஒரே வாய்க்காலில் நீர்விட்டால் எந்த வயல் முதலிற் கருகும்? கடைசி வயல். இழுத்துத் தைத்த தோலிலே கடைசி வயலாக அமைவது, கீழ்விளிம்பின் நடுப்பகுதி. இழுவை மிக அதிகமாக இருப்பதும் அங்கேதான். ஆகவே தையல் பிரிவதும், தோல் கறுப்பதும் பெரும்பாலும் அவ்விடத்திலேயே நிகழ்கின்றன.

பழைய வடு என்பது வாய்க்காலுக்குக் குறுக்கே கட்டிய வரம்பு. பித்தப்பைச் சிகிச்சைக்காக விலாவின் கீழே சாய்வாகக் கீறிய பழைய வடு இருப்பின், அதற்கும் புதிய கீறலுக்கும் இடைப்பட்ட தோலுக்குக் குருதி வரும் வழி அடைபட்டுவிடும். நடுவயிற்றில் நெடுக ஓடும் வடு இருப்பின், ஒரு பக்கத்துக் குருதி மறுபக்கத்துக்குக் கடந்து செல்லாது. எறிகணைச் சிதறலின் வடுக்களோ இலக்கணத்துக்கு அடங்காமல் எவ்வாறெல்லாமோ கிடக்கும். வன்னியின் பெண்ணொருத்தி தன் உடம்பில் எங்கெங்கு எவ்வளவு பழைய காயம் என்பதை மருத்துவருக்கு முன்கூட்டியே முழுவதும் காட்டியாக வேண்டும். அழிந்துபோய்விட்டது என்று அவள் நினைக்கும் சிறு வடுவும் ஒரு வரம்பே.

வாய்க்காலில் நீர் இருந்தும் துருசைத் தாழ்த்திவிடுவது புகையிலை. அதன் நிக்கொட்டின் நுண்ணிய குருதிக்கலன்களைச் சுருக்கிவிடுகின்றது. ஆகையினால், சிகிச்சைக்கு நான்கு வாரம் முன்பிருந்தே, பின்னரும் அவ்வளவு காலம், புகைத்தலை நிறுத்தும்படி மருத்துவர்கள் வற்புறுத்துவர். தொலைநகர் மருத்துவமனையொன்றில் இக்கேள்வி எவ்வாறு கேட்கப்படும் என்று எண்ணிப் பார்க்கலாம்.

“அம்மா, நீங்கள் புகை பிடிப்பீர்களா?”

“ஐயோ, இல்லை டொக்டர்!”

பதிலில் பொய்யில்லை. சுருட்டையோ சிகரெட்டையோ அவள் தொட்டதேயில்லை. வெற்றிலையும் பாக்கும் சுண்ணாம்பும் சேர்த்து, ஒரு துண்டுப் புகையிலையையும் கிள்ளி வாயிலிட்டுக்கொண்டுதான் அவள் வயலுக்குப் போகின்றாள். மென்ற புகையிலையின் நிக்கொட்டினும் குருதியிற் கலப்பதே. ‘வெற்றிலையோடு புகையிலை போடுவீர்களா’ என்று கேட்டிருந்தால் ஒரு நொடியில் விடை வந்திருக்கும். ஒரு தோல் பிழைப்பதும் கறுப்பதும் சில வேளைகளில் இத்தகைய ஒரு சொல்லிலே தங்கியிருக்கின்றது.

இவ்விடத்தில் மானிப்பாயை நினையாதிருத்தல் இயலாது. 1847இல் இலங்கைக்கு வந்து, இடையில் ஒருமுறை தாயகம் சென்று மீண்டு, 1873 வரையிலும் யாழ்ப்பாணத்தில் மருத்துவப் பணியாற்றிய அமெரிக்க மருத்துவர் சாமுவேல் பிஸ்க் கிறீன், 1864 முதல் தம் மாணவர்க்குத் தமிழிலேயே மருத்துவம் கற்பித்தார். டிறுவிற் என்பாரின் சத்திர வைத்திய நூல், ‘இரண வைத்தியம்’ என்ற பெயரில் 1867இல் தமிழாயிற்று. அதே 1867இல்தான் ஜோசப் லிஸ்டர், காபோலிக் அமிலத்தினால் புண்ணிற் கிருமி சேராது காக்கலாம் என்பதை ‘லான்செற்’ இதழிலே வெளியிட்டார். புண்களைக் குறித்த பழைய உலகின் அறிவு முழுவதும் தமிழுக்கு வந்து சேர்ந்த ஆண்டிலேயே புதிய உலகின் கதவு திறந்தது. கிறீன் அதனால் மனந்தளர்ந்தாரில்லை. தொடர்ந்து நூல்களை ஆக்கினார். நோயாளியின் மொழியறியாத மருத்துவம் பாதி மருத்துவமே என்பதை அவரது உழைப்பு ஒப்புக்கொண்டிருந்தது.

இனி, தைத்தபின் வீட்டிலே நிகழ்வதைப் பார்ப்போம். பிரித்த தோலுக்கும் தசைக்கும் இடையே ஒரு வெற்றிடம் இருக்கின்றது. உடம்பு அங்கே வைக்கோல் நிற நீரைச் சுரக்கின்றது. இச்சிகிச்சையின் இடர்களிலே மிகுதியாகக் காணப்படுவது இந்நீர்த்தேக்கமே. அதற்காகவே மெல்லிய குழாய்களை வைத்து வெளியேற்றுகின்றனர். சில மருத்துவர்கள், மெத்தை தைப்பவன் பஞ்சு நகராதபடி இடையிடையே முடிச்சிடுவதுபோல, தோலின் உட்புறத்தைத் தசையோடு பல இடங்களிற் பிணைத்துவிடுவர். அதனால் நீர் தங்கும் இடமும் குறைகின்றது. விளிம்பின் இழுவையும் குறைகின்றது. குழாயை எடுத்தபின்னரும் நீர் கட்டுவதுண்டு. வயிற்றைத் தொட்டால் தண்ணீர்ப் பைபோல் தளும்பும். ஊசியினால் அதனை உறிஞ்சி எடுத்தல் மருத்துவருக்கு எளிய வேலை. ‘தானாக வற்றிவிடும்’ என்று வீட்டிலிருப்பவர் காத்திருந்தால், அந்நீரிலே கிருமி குடியேறிச் சீழாகலாம்.

இச்சிகிச்சைக்குக் கொழும்புக்குச் சென்றவள், கிளிநொச்சிக்குத் திரும்ப 300 கிலோமீற்றருக்கு மேற் பயணம் செய்யவேண்டும். விளிம்பில் இழுவை ஏறாதிருக்கச் சில நாட்கள் சற்றுக் கூனியே நடக்கும்படி சொல்வார்கள். பேருந்திலே நின்றுகொண்டு வருபவளுக்கு அது இயலுமா? ஆறு வாரம் வரையில் பாரம் தூக்கலாகாது என்பார்கள். கிணற்றிலே வாளியை இழுப்பது பாரம். விறகுக் கட்டும் பாரம். மடியிலேறும் பிள்ளையும் பாரமே. போரின்பின் குடும்பத்தைத் தனியே தாங்கும் பெண்கள் மிகுந்த நிலம் இது. நாட்கூலிக்குப் போகாவிடின் அடுப்பு எரியாத வீட்டில் ஆறு வாரம் என்பது என்னவென்று, அந்த அறிவுரையை எழுதிக் கொடுப்பவர் எண்ணியிருப்பாரோ என்பது ஐயமே. இக்கணக்கைச் சிகிச்சைக்கு முன்னரே போட்டுப் பார்க்கவேண்டும். ஆள் உதவிக்கு வழியில்லையெனில், வழி பிறக்கும்வரை சிகிச்சையைத் தள்ளிப்போடுவதில் இழுக்கொன்றுமில்லை.

உணவைப் பற்றியும் சொல்லியாகவேண்டும். நம் ஊர்களில் புண்ணாறும் மட்டும் ‘கிரந்தி’ என்று பலவற்றை விலக்குவர். இறால், நண்டு, கத்தரிக்காய் என்று தொடங்கும் விலக்கு, அச்சம் மிகுந்த வீடுகளில் மீனையும் முட்டையையும் விழுங்கிவிட்டு, இரசமும் சோறுமாக முடியும். ஒருவருக்கு இறால் ஒவ்வாதெனில் அவர் அதனை விலக்குவது நியாயம். மற்றவர்க்கு விலக்கு வேண்டியதில்லை. புதுத்தோலை நெய்வதற்கு நூல் வேண்டும், அந்நூல் புரதம். குளத்து மீனும் முட்டையும், அவை கிட்டாதபோது வன்னி மண்ணிலே விளையும் கௌபியும் உழுந்தும் பயறும் அதனைத் தரும். நெசவின் முடிச்சு இறுகுவதற்கு விற்றமின் சி வேண்டும். 1740இல் உலகைச் சுற்றிவரப் புறப்பட்ட ஆங்கிலத் தளபதி ஆன்சனுடைய கப்பல்களில் ஸ்கேவி நோய் பரவியபோது, 1690இல் அயர்லாந்தின் போயின் ஆற்றங்கரைப் போரிற் காயமுற்றிருந்த முதியவன் ஒருவனுடைய புண்கள், அரை நூற்றாண்டுக்கு முன் ஆறியவை, மீண்டும் வாய்திறந்தன என்று அப்பயண வரலாறு கூறுகின்றது. ஆறிய வடுவும் அன்றாடம் அழிந்து அன்றாடம் நெய்யப்படும் உயிருள்ள இழையம் என்பதற்கு இதனினும் அச்சந்தரும் சான்று வேண்டுவதில்லை. 1747இல் ஜேம்ஸ் லிண்ட் தோடம்பழமும் எலுமிச்சையும் கொடுத்து அந்நோயை வென்று காட்டினார். நமக்கு நெல்லிக்காயும் கொய்யாவும் வேலிக்கு உள்ளேயே கிடைக்கின்றன. நீரிழிவு உள்ளவரெனின் சர்க்கரையைக் கட்டுக்குள் வைத்தல் இவை எல்லாவற்றிற்கும் முற்பட்டது.

இவ்வளவு காவலுக்குப் பின்னும் சிலருக்குத் தையல் விரியத்தான் செய்கிறது. முதல் சில நாட்களில் தோல் நீலம்பாரித்து மங்கும். ஒரு வாரத்துள் கறுத்து உலர்ந்த தோற்பட்டைபோல் ஆகும். உறவினர் பதறிப்போய்க் கேட்கும் முதற் கேள்வி, ‘ஏன் திரும்பத் தைக்கவில்லை?’ என்பது. மருத்துவர் கைகட்டி நிற்பதுபோல் அவர்களுக்குத் தோன்றும். இறந்த தோலுக்கும் உயிருள்ள தோலுக்கும் எல்லை தெளியும் வரையில் அவர் காத்திருக்கின்றார். தெளிந்தபின் இறந்ததை அகற்றி, புண்ணைத் திறந்தபடியே கட்டி, அடியிலிருந்து சிவந்த புதுச்சதை வளர்ந்து மேலெழ விடுகின்றார். போர்க்களச் சத்திர வைத்தியத்தின் பழைய விதியும் இதுவே: அழுக்கேறிய காயத்தை உடனே தைக்காதே, திறந்துவிட்டு, நான்கைந்து நாட்களின்பின் தூய்மையாக இருந்தால் தை. உள்ளே ஆறாத புண்ணை மேலே மூடினால் சீழைச் சிறைவைத்ததாகும். சினமும் சூடும் தணிவதையும் புண் மூடுவதையும் துயர் நீங்குவதையும் தமிழ் ‘ஆறுதல்’ என்ற ஒரே சொல்லால் வழங்குவதை இங்கே நினைத்துக்கொள்ளலாம். அவற்றுள் எதனையும் மேலிருந்து தைத்து முடிக்க இயலாது.

திறந்த புண் ஆறுவதற்கு வாரங்கள் பல, சிலபோது மாதங்கள் செல்லும். அக்காலத்தில் வீட்டு மருந்துகள் ஒவ்வொன்றாக வாசலுக்கு வரும். வன்னிக் காட்டுத் தேனின் பெருமை எல்லோரும் அறிந்ததே. தேன் புண்ணுக்கு நல்லது என்பதும் வெறும் நம்பிக்கையன்று. கிருமி நீக்கிய தேனை மருத்துவமனைகளிலும் பயன்படுத்துகின்றனர். ஆனால் போத்தலிலே வாங்கிய காட்டுத் தேனில் நோய்க்கிருமியின் வித்துக்கள் இருக்கலாம். அதனைத் தோசையோடு உண்பதே தகும். பச்சிலைச் சாறும் எண்ணெயும் அவ்வாறே திறந்த புண்ணுக்கு ஆகா. புண்ணைச் சுற்றிச் சிவப்புப் பரவுதல், நாற்றம், காய்ச்சல், நாளுக்கு நாள் கூடும் வலி ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் விடியும்வரை காத்திராமல் கிளிநொச்சி, முல்லைத்தீவு, வவுனியா மாவட்ட வைத்தியசாலைகளுள் அண்மையிலுள்ளதற்குச் செல்லவேண்டும். சிகிச்சை எங்கோ ஒரு தனியார் மருத்துவமனையில் நடந்ததென்று சொல்ல வெட்கப்பட்டு, ‘கீறிவிட்டது’ என்று மழுப்புவதாகாது. என்ன செய்யப்பட்டது என்பதை அறியாத மருத்துவர் எதனைத் தேடுவார்?

மூடிய வடுவும் பல மாதம் மாறிக்கொண்டே இருக்கும். மூன்று வாரத்தில் அதன் வலிமை பழைய தோலின் மூன்றிலொரு பங்கையும் எட்டியிராது. மாதங்கள் சென்றபின் ஏறத்தாழ 80 வீதத்தை எட்டி, அதற்குமேல் ஏறாது. முதலிற் சிவந்து தடித்து, இரவிலே அரிப்பெடுக்கும். நம்போன்ற கருநிறத்தோரின் தோலிலே வடு சிலபோது எல்லை கடந்து வளர்வதுண்டு. 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரெஞ்சு மருத்துவர் அலிபேர் அதனைக் கண்டு நண்டின் காலை நினைந்து பெயரிட்டார். கீலோயிட் என்பது அப்பெயரின் வழிவந்ததே. அது மார்பிலும் தோளிலும் காதுமடலிலும் மிகுதியாகத் தோன்றுவது. வயிற்றில் அவ்வளவு இல்லை. வயிற்றில் வருவது பெரும்பாலும் எல்லைக்குள் நின்று தடிக்கும் வடுவே. சிலிக்கன் தகட்டை ஒட்டியும், வெயில் படாமற் காத்தும் அதனைத் தணிக்கலாம். ஓராண்டு செல்லுமுன் வடுவைத் திருத்தி வெட்ட நல்ல மருத்துவர் பெரும்பாலும் உடன்படார். பலருடைய வடு அதற்குள் தானாகவே வெளிறித் தாழ்ந்து, திருத்தம் வேண்டாத நிலைக்கு வந்துவிடுகின்றது.